மூன்றாம் பந்தி

மெஞ்ஞானபுரத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில், செம்மண் தேரியை ஒட்டி ஒரு ஊர். பனங்காடு பாதி, முருங்கைத் தோட்டம் பாதி. ஊர் நடுவே சி.எஸ்.ஐ. கோயில். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் கட்டிய தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டியது. ஆசை அளவுக்குப் பணம் எட்டவில்லை. கோபுரம் பனை உயரத்தோடு நின்றுவிட்டது.

நாளைக்கு இங்கே அசனம். தெற்கே பிறக்காதவர்களுக்காகச் சொன்னால், பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டிக் கோயிலில் போடும் ஊர்ச் சாப்பாடு. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். அழைப்பிதழ் கிடையாது. டோக்கன் கிடையாது. வந்து உட்கார்ந்தால் இலை விழும்.

வெள்ளிக்கிழமை மாலை. வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்று பக்கமும் தெரிகிறது. வலது கைப்பக்கம் கோயில், இடது கைப்பக்கம் சபை நடத்தும் தொடக்கப்பள்ளி, எதிரே தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் காய்வெட்டு தொடங்கிவிட்டது. ஓலைப்பாய்களில் கத்தரிக்காயும் வாழைக்காயும் குவிந்து கிடக்கின்றன. அரிவாள்மனைகளை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார்கள். மாறிப் போகாமலிருக்க ஒவ்வொன்றின் கட்டையிலும் ஒரு துண்டு கலர் நூல்.

பெரிய பொட்டு வைத்த ஓர் ஆச்சிதான் இந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. எழுபதுக்கு மேல் இருக்கும். கை வெட்டிக்கொண்டே இருக்க, கண் மற்றவர்கள் மேல்.

“ஏட்டி, கத்தரிக்காயத் தண்ணியில போடு. கறுத்துப் போவும்லா?”

“வாழைக்காயத் தோல் சீவணுமா ஆச்சி?”

“மேலாப்புல சீவு. மொத்தமும் எடுத்தியன்னா கறியில கரைஞ்சி கூழாப் போயிரும்.”

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அம்மாவும் அந்த ஆச்சியிடம் கேட்டுத்தான் தேங்காய் துருவ ஆள் விடுகிறார். ஆச்சி இந்தக் கோயிலுக்குள் ஆராதனைக்கு வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில், வெள்ளிக்கிழமை விளக்கு. அசனத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மட்டும் விளக்கை மருமகளிடம் விட்டுவிட்டு இங்கே வந்துவிடுகிறார். யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. வராமல் போனால்தான் ஆள் விட்டு விசாரிப்பார்கள்.

கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உபதேசியார் உட்கார்ந்திருக்கிறார். மடியில் நீள நோட்டு. வருகிறவர்கள் கொடுப்பதை எழுதி, எழுதியதை உரக்கப் படிக்கிறார். படித்தால்தான் கொடுத்தவருக்குத் திருப்தி.

“கிழக்குத் தெரு வகை, அரிசி ஒரு மூட்டை. மும்பையிலிருந்து மாசானமுத்து பேரன் வகை, கறிக்கு ரூபாய் ஐயாயிரம். பஸ் ஸ்டாப் பாய் கடை, மல்லி, வத்தல். சுடலைமாடசாமி கோயில் வகை, தேங்காய் நூறு.”

அடுத்ததாக ஒரு நடுத்தர வயது மனிதர், கயிற்றில் கட்டிய கிடாயோடு. நெற்றியில் திருநீறு.

“பேரு?”

“வேண்டாம். பொருத்தனைன்னு மட்டும் எழுதிக்கிடுங்க.”

உபதேசியார் அப்படியே எழுதுகிறார்: பொருத்தனை, ஆடு ஒன்று. என்ன வேண்டுதல், நிறைவேறியதா என்று கேட்கவில்லை. கிடாய் வேப்பங்குழையை மென்றபடி பெஞ்சுக்கு அருகே கட்டப்படுகிறது.

இந்த நோட்டில் ஏறாத வரவு ஒன்று உண்டு. வீட்டில் உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை அது கோயிலுக்கு வரும். கைப்பிடி அரிசி என்று பெயர். சம்பளம் வாங்காத பெண்கள் புருஷனிடம் கேட்காமல் கொடுக்கக்கூடிய காணிக்கை அது ஒன்றுதான். மண்ணெண்ணெய் டின்னில் அதைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் கலந்த கலவை. சமையல் பொறுப்பிலுள்ள பண்டாரி முகம் சுளிக்கிறார். ஒரே பக்குவத்தில் வேகாது. ஆனாலும் ஒரு மரக்காலாவது பெரிய உலையில் போட்டாக வேண்டும் என்பது முறை. மீதி, சமைக்க முடியாத வீடுகளுக்குப் போகும்.

ஓய்வு பெற்ற சார்வாள் ஒருவர் பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்காருகிறார். கல்லூரியில் படிக்கும் பேத்தி காய்வெட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே கேட்கிறாள்: “தாத்தா, இதெல்லாம் எப்ப இருந்து நடக்கு?”

சார்வாளுக்கு இந்தக் கேள்வி போதும். முதலூரில் ஆரம்பிக்கிறார். 1799. மதம் மாறினதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் குடிவைத்த ஊர். அடுத்து ரேனியஸ் ஐயர், 1830, தர்ம சங்கம். அதுவும் நிலம் வாங்கிக் குடியேற்றத்தான். அப்புறம் தாது வருஷப் பஞ்சம். 1876இல் நாசரேத்துக்கு வந்து சேர்ந்த மர்காஷிஸ் ஐயருக்கு வந்ததும் வராததுமாகப் பஞ்சம்தான் வரவேற்பு. அநாதையாக நின்ற பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினால் மட்டும் போதாது, கைத்தொழில் வேண்டும் என்று 1878இல் தொழிற்பள்ளி. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மாள் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையில்லாத ஒரு பையனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போய், அதுவே பள்ளிக்கூடமானது.

“முதல்ல கஷ்டம் வந்து கதவத் தட்டும். பொறவுதான் கமிட்டி. இப்பம் நாம முதல்ல கமிட்டி போட்டுட்டு, பொறவு கஷ்டத்தத் தேடிப் போறோம்” என்கிறார் சார்வாள்.

பேத்தி சிரித்துக்கொண்டே படத்தை நிறுத்துகிறாள்.

சார்வாள் எதைக் குத்திக் காட்டுகிறார் என்பது கிறிஸ்துமஸ் சமயத்தில் இதே கொட்டகையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். நகரத்திலிருந்து ஒரு குழு வேனில் வந்திறங்கியது. பின்னால் பேனர். முன்னால் மேசை, மேசை மேல் சேலைப் பைகள். விதவைகளும் முதியோரும் காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்; செய்தி முடிய மணி பன்னிரண்டு. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். பையின் ஒரு காதைக் கொடுப்பவர் பிடித்துக்கொள்ள, மறுகாதை வாங்குபவர் பிடித்துக்கொள்ள, இருவரும் கேமராவைப் பார்த்தார்கள். “சிரிங்கம்மா” என்றார் படமெடுத்தவர். ஓர் ஆச்சிக்குப் படம் சரியாக விழவில்லை. பையைத் திரும்ப வாங்கி, மறுபடியும் கொடுத்தார்கள். ஆச்சி இரண்டாம் முறையும் சிரித்தார். சேலை நல்ல சேலைதான். குறை சொல்ல முடியாது. அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இந்த ஊரில் யாரிடமும் எதுவும் தேவைப்படவில்லை. இங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள்.

மற்ற நாட்களில் இந்த வளாகத்துக்குப் பேனர் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் விளக்கெரியும். சபையின் இரண்டு டீச்சர்மார் தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பார்கள். கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர். தேரி ஓரத்தில் எல்லாக் கிணறும் இனிப்பதில்லை, அதனால் குடம் வராத நேரமில்லை. எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் இங்கிருந்துதான் பெஞ்சும் ஜெனரேட்டரும் போகும். கோயில் பணிவிடை பார்க்கும் கோயில்குட்டியார் பெஞ்சை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி வைப்பார். செத்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்பதற்கு அவர் நோட்டில் கட்டம் இல்லை. பெஞ்சு எத்தனை, அவ்வளவுதான்.

இரவு பத்து மணிக்கு மேல் வளாகம் ஆண்கள் கைக்கு மாறுகிறது. நீளக் குழி வெட்டி அடுப்பு. உடைமர விறகு, காய்ந்த பனைமட்டை. கறிக்கடை பாயும் அவர் மகனும் வந்து கொட்டகைக்குப் பின்னால் ஆடுகளை அறுக்கிறார்கள். பிஸ்மி சொல்லித்தான் கத்தி வைக்கிறார். பாய் அறுத்தால்தான் பள்ளிவாசல் தெருக்காரர்கள் பந்தியில் உட்கார முடியும். இதை யாரும் சபையில் தீர்மானம் போட்டு எழுதவில்லை. தாத்தா காலத்திலிருந்து பாய்தான் அறுக்கிறார், அவ்வளவுதான். கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பார் அண்டா தள்ளி இருக்கிறது. அதற்குத் தனி அகப்பை. அந்த அகப்பையைத் தொட்டால் பண்டாரி கத்துவார்.

பெரிய அடுப்பில் ஏறியிருக்கிற செப்புக் கிடாரத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது: சுடலைமாடசாமி கோயில் உபயம். அது இந்த வளாகத்துக்கு வந்தது வெள்ளத்தில். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். இந்த ஊரில் குளம் உடைந்து கீழத்தெருவும் சுடலைமாடன் கோயில் மைதானமும் முழுகின. மேட்டில் இருந்தது இந்தக் கொட்டகையும் பள்ளிக்கூடமும். ஆட்கள் வந்துவிட்டார்கள், அரிசியும் கிடைத்தது. அத்தனை பேருக்குப் பொங்கப் பாத்திரம் இல்லை. சுடலைமாடன் கோயில் கமிட்டிக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கிடாரத்தை மிதக்கவிட்டே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில்தான் கஞ்சி காய்ச்சினார்கள்.

வெள்ளம் வடிந்ததும் சபையார் சொந்தமாக ஒரு கிடாரம் வாங்கப் பணம் பிரிக்கக் கிளம்பினார்கள். சபைப் போதகரான ஐயர் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று கேள்வி. காரணம் அவர் சொன்னாரோ இல்லையோ, பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரிகிறது. இரவல் வாங்கின வீட்டுக்குத்தான் ஆள் உரிமையோடு வந்து போவான். எல்லாம் சொந்தமாக வைத்திருக்கும் கோயில் ஊருக்கு உதவி செய்யலாம். ஊரின் கிடாரமும் கத்தியும் அரிவாள்மனையும் இல்லாமல் அடுப்பு மூட்ட முடியாத கோயில்தான் ஊரோடு இருக்கும்.

சனிக்கிழமை நாலு மணி. மணி அடிக்கிறது. சோறு வடித்து ஓலைப்பாயில் ஆள் உயரத்துக்குக் குவித்து, வெள்ளை வேட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். ஆவி வேட்டியைத் தூக்குகிறது. ஐயர் வந்து நிற்கிறார். ஜெபம் சுருக்கம். மழைக்கும் விளைச்சலுக்கும் ஸ்தோத்திரம், சமைத்த கைகளுக்கு ஆசீர்வாதம், ஆமென்.

வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் கைப்பிரதிக் கட்டோடு வருகிறான். இலைக்கு ஒன்று வைத்தால் எல்லோர் கைக்கும் போய்ச் சேரும் என்று அவன் கணக்கு. உபதேசியார் கட்டை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

“இலையில சோறு மட்டுந்தாம்டே.”

“நல்ல சந்தர்ப்பம்லா ஐயா?”

“சோத்தப் போட்டு ஆள் சேக்கான்னு வெளிய பேசுதாவ. நாமளே அதுக்குச் சாட்சி கொடுக்கணுமா? போ, வாளியத் தூக்கு.”

பையன் முகம் வாடிப் போகிறது. ஐந்து நிமிஷத்தில் ரச வாளியோடு ஓடிக்கொண்டிருக்கிறான்.

முதல் பந்தி. கடகப்பெட்டிகளில் சோறு வருகிறது, வாளியில் குழம்பு. பெரிய தெருக்காரர்கள், கமிட்டி வீட்டார், வெளியூரிலிருந்து பண்டிகைக்கு வந்தவர்கள். ஐயருக்கும் நடுவில் இலை போட்டார்கள். “பொறவு” என்று கையைக் காட்டிவிட்டுப் பந்தியின் ஓரமாகவே நடந்துகொண்டிருக்கிறார். இரண்டாம் பந்தியில் பள்ளிவாசல் தெரு, டீக்கடைக்காரர்கள், சீருடையோடு இரண்டு போலீஸ்காரர்கள். மேஸ்திரி ஆச்சிக்குச் சாம்பார். குழம்பைக் கிட்டேயே விடவில்லை.

கீழத்தெருக்காரர்கள் வந்தது மூன்றாம் பந்திக்கு. பிந்தி வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முந்தி வரச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு பந்தி நடக்கும்போது அவர்கள் மதிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது இந்தப் பெஞ்சிலிருந்து தெரிந்தது. அவர்களிலும் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள்; அவர்கள் தெருவில் தனியாக ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு சுவர் எழுப்பிய நாடு இது. இங்கே சுவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, மணிக்கணக்கில் தெரிகிறது.

அவர்கள் உட்கார்ந்ததும் ஐயர் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் காலியாக இருந்த இலைக்கு முன் உட்காருகிறார். கமிட்டிப் பெரியவர் ஒருவர் ஓடி வருகிறார்.

“ஐயா, உங்களுக்கு உள்ள மேசை போட்டிருக்கு.”

“இங்கேயே போடும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி ஒரு கணம் நிற்கிறார். பிறகு பெட்டியை வாங்கி அவரே சோறு போடுகிறார். ஐயருக்கு மட்டும் போட்டுவிட்டுத் திரும்ப முடியாது. வரிசை கடைசி வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

அடுத்து நடந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சாப்பிட்டு எழுந்த கீழத்தெரு இளைஞர்கள் மூன்று பேர், கை கழுவின ஈரத்தோடு வாளிகளைத் தூக்கிக்கொண்டார்கள். இரண்டு பந்திக்கு ஓடின பையன்கள் ஓய்ந்து போயிருந்தார்கள். நாலாம் பந்தியில் பெரிய தெருக்காரர்களில் பிந்தி வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழம்பு வாளி நெருங்கும்போது ஒரு பெரியவர் இலையைக் கையால் மறைத்தார். “போதும்டே, வயிறு நெறைஞ்சிட்டு.” இலையில் அதுவரை வெறும் சோறுதான் இருந்தது. பையன் நிற்கவில்லை, அடுத்த இலைக்குப் போய்விட்டான். அடுத்த இலைக்காரர், “கறி கொஞ்சம் பாத்துப் போடு, ராசா” என்றார். அதற்கும் அடுத்தவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். வெறும் சோற்றோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டிருந்தார். ரசம் வரும் வரை எழுந்திருக்கவில்லை. ரச வாளியும் கீழத்தெருப் பையன் கையில்தான் வந்தது. ஊற்றிக்கொண்டார்.

பொழுது சாயும்போது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் தூக்குச்சட்டிகளை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், பேறுகாலப் பெண்கள், தனியாக இருக்கிற கிழவிகள். டீச்சரம்மா கையில் பட்டியல். தெரு வாரியாக எழுதியது. “பனையேறி தாத்தாவுக்குக் காரம் ஆவாது, கழுவிப் போட்ட கறி இது, மாத்திக் குடுத்திராத.” எந்த வீட்டுக் கிழவருக்குப் பல் இல்லை, எந்த வீட்டில் சர்க்கரை வியாதி என்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. வருஷம் முழுக்க வீடு வீடாகப் போய் வராமல் அப்படி ஒரு பட்டியல் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வரவு செலவு படிக்கிறார்கள். விறகு வரைக்கும் கணக்கு. பண்டாரி கூலியில் பாதியைக் காணிக்கையாகத் திருப்பிக் கொடுத்தது உட்பட. மீதிப் பணம் கொஞ்சம் நிற்கிறது. கோபுரத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு இல்லை, பெரிய பொம்பளப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுகின்றன என்கிறார் டீச்சரம்மா. குரல் உயர்கிறது. கோபுரம் கட்டின குடும்பத்தார் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. கடைசியில் கதவு முதலில், வெள்ளை அடுத்த அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பிறகு என்று முடிகிறது. கோபுரத் தரப்பில் இரண்டு பேர் ஸ்தோத்திரம் சொல்லாமலே வெளியேறினார்கள்.

திங்கள் காலை. சுடலைமாடன் கோயில் கமிட்டிக்காரர் லோடு ஆட்டோவோடு வந்திருக்கிறார். கிடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்க்கிறார். விரலால் சுரண்டுகிறார்.

“என்ன ஓய், அடிப்பிடிச்சிருக்கு?”

“புளி போட்டு ரெண்டு தடவ தேச்சாச்சி அண்ணாச்சி. அது உங்க போன கொடையில பிடிச்ச அடி.” கோயில்குட்டியார் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

“அது கெடக்கட்டும். சித்திரையில கொடை வருது. பெஞ்சும் ஜெனரேட்டரும் வேணும்.”

“தேதியச் சொல்லும், எழுதிக்கிடுதேன். ஆனா ஒண்ணு, ஞாயித்துக்கிழம காலையில எட்டு மணிக்குள்ள பெஞ்சு இங்க வந்திரணும். போன தடவ சபையார்ல பாதிப் பேரு நின்னுக்கிட்டுல்லா ஜெபம் பண்ணுனாவ.”

“நின்னா என்ன? நின்னுக்கிட்டுச் சொன்னா உங்க சாமி கேக்காதோ?”

“சாமி கேக்கும் அண்ணாச்சி. கெழடுகட்டைக்குக் காலு கேக்காது.”